ரெண்டு கோர், ஒரு சாவி

அந்தக் கம்ப்யூட்டர் கடையின் மூத்த மருமகளைத் தெருவே ‘ஸ்க்ரூ அக்கா’ என்றுதான் கூப்பிடும். கொண்டையில் ஊசி இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். உதட்டோரத்தில் எந்நேரமும் இரண்டு ஸ்க்ரூக்கள். அவற்றைத் துப்பாமலே ஒரு ஆளை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை திட்டித் தீர்க்க அவளால் முடியும். கல்யாணத்துக்கு முன்னால் சீருடை தைக்கும் ஆலையில் பொத்தான் வைக்கிற மெஷினில் இருந்தவள். பொடிப்பொடிச் சாமான்களைப் பிடித்துப் பழகிய விரல்கள். மருமகளாக வந்த புதிதில் கடையின் பின்னறையில் செத்துக் கிடந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எது எதோடு சேரும் என்று தானாகவே கற்றுக்கொண்டாள். சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் அவளுக்கு மறந்துபோகும். எந்த ப்ராசஸர் எந்த போர்டில் உட்காரும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

இன்னொன்றும் அவளுக்கு மறக்காது. தன்னை யார், எப்போது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன சொன்னார்கள் என்பது. அந்த ஞாபகசக்தி இல்லாமல் இருந்திருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். சரி, அது அவள் தலையெழுத்து.

கடை மாமனாருடையது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன், அதாவது ஸ்க்ரூ அக்காவின் புருஷன், வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான். சாது என்றால் அப்படியொரு சாது. இளையவன் ஊர் ஊராகப் போய் அலுவலகங்களில் பிரிண்டர் பழுது பார்க்கிறவன். வீட்டில் இருக்கிற நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். ஆகக் கடையை உண்மையில் நடத்தியது இரண்டு மருமகள்கள்தான். மூத்தவள் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தாள். சின்னவள் லேப்டாப் விற்றாள். சின்னவளுக்கு நல்ல சிரிப்பு, நல்ல பேச்சு. கடையில் கால் வைக்கிறவர்களை வெறும் கையோடு திரும்பவிடமாட்டாள். அதைச் சும்மா சொல்லக்கூடாது.

மாமனாருக்கு வாடிக்கையாளர்களிடம் விளக்கம் சொல்வதென்றால் உயிர். ‘ரெண்டு கோர்னா என்னங்க?’ என்று யாராவது வாய் திறந்துவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

“ப்ராசஸர்தான் கம்ப்யூட்டருக்கு மூளை. ரெண்டு கோர்னா அந்த மூளைக்குள்ள வேலை பாக்க ரெண்டு ஆளு. ஒரே அடுப்படியில ரெண்டு மருமக நிக்கற மாதிரி வச்சுக்குங்க. ஒத்துப்போனா சமையல் சட்டுனு முடிஞ்சிரும்.”

“ஒத்துப்போகலேன்னா?”

மாமனார் முன்பக்கத்தையும் பின்னறையையும் மாறி மாறிப் பார்ப்பார். “அதுக்கு வாரண்டி கிடையாதுங்க” என்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். பின்னறையில் இருப்பவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

ஏன் அவள் பின்னறையில் இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்குக்கு முன்னால் மாமனார் கடையை இடித்துக் கட்டினார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஏசி, தெருவைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய மேசை, சுழலும் நாற்காலி. பின்னறைக்குப் போக ஒரு ஒடுக்கமான நடை. அங்கே ஜன்னல் கிடையாது. ஒரு ட்யூப்லைட், முனகிக்கொண்டே சுற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன், சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறை. முன்பக்கத்தில் யார் உட்காருவது என்று இரண்டு பேருக்கும் முட்டல் வந்தது. மாமனார் ஒரு வழி சொன்னார்.

“உங்க ரெண்டு பேர் மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அதுலயும் ரெண்டு கோர், இதுலயும் ரெண்டு கோர். ஒரே வேலையைக் குடுப்போம். எது முதல்ல முடிக்குதோ அந்த மருமக முன்னாடி.”

ஸ்க்ரூ அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் பந்தயம் வைத்தால் எது ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? முந்தின நாளே தன் பெட்டியை ஓட விட்டுப் பார்த்தாள். பிய்த்துக்கொண்டு ஓடியது. அதோடு விட்டாளா? பந்தயத்துக்குத் தெருவே வரப்போகிறது, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, காலையில் பழைய கூலரைக் கழற்றிவிட்டுப் புத்தம்புதுக் கூலர் ஒன்றை மாட்டினாள். கூலர் என்பது ப்ராசஸர் தலைமேல் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியே தள்ளுகிற சாமான். கீழே செம்புத் தட்டு, மேலே ஃபேன். புதுசு நீல விளக்கெல்லாம் போட்டு ஜொலித்தது. “இது என் கையைத் தவிர வேற கை படாத கூலர்” என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டாள்.

நடுவில் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது சின்னவள் அந்தப் பெட்டி பக்கத்தில் துணியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“தூசியா இருந்துச்சுக்கா. துடைச்சேன்.”

அவ்வளவுதான். பந்தயம் ஆரம்பித்தது. ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழா வீடியோவைச் சுருக்குகிற வேலை. முதலில் டெஸ்க்டாப் முந்தியது. பிறகு என்ன ஆனதோ, ஃபேன் பேயாகக் கத்த ஆரம்பித்தது. திரையில் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு நகரவே இல்லை. சின்னவளின் லேப்டாப் ஆடி அசைந்து வந்து அதைத் தாண்டிப் போய் வேலையை முடித்துவிட்டது. தெரு மொத்தமும் கைதட்டியது. தேநீர்க்கடைக்காரர், “ஸ்க்ரூ அக்கா, எங்கயோ ஸ்க்ரூ லூசு போல” என்றார். சின்னவள் அவள் தோளைத் தொட்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “விடுங்கக்கா, உங்க பெட்டிக்கு வயசாயிருச்சு போல” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை. அதைக் கேட்டபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை பேர் முன்னால் அழுதுவிடக்கூடாதே என்று ஸ்க்ரூவைக் கடித்த கடியில் பல் ஓரம் உடைந்தது. உடைந்த பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சரிசெய்துகொள்ளவில்லை.

“நேத்து ஓடின பெட்டி இன்னிக்கு எப்படிப் படுக்கும்? அவதான் கை வச்சிருக்கா” என்று அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள்.

“திறந்து பாரேன். என்ன பண்ணியிருக்கான்னு தெரிஞ்சிரும்ல.”

“எதுக்குத் திறக்கணும்? அவ பண்ணினதை அவ முன்னாடி, எல்லார் முன்னாடியும் திறப்பேன். நான் முன்பக்கத்துல போய் உக்காரற அன்னிக்குத் திறப்பேன். அதுவரைக்கும் யாராவது அந்தப் பெட்டியைத் தொட்டா நான் மனுஷியா இருக்கமாட்டேன்.”

பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பின்னறைப் பரண்மேல் ஏற்றினாள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் வருஷக்கணக்காக வேலை பார்த்தாள். தலைக்கு மேலே அது இருக்கிறது என்கிற நினைப்பு அவளுக்குச் சோறு மாதிரி. ஒருநாள் கோபம் ஆறியிருந்தால், அண்ணாந்து பார்த்து மறுபடி சூடேற்றிக்கொள்வாள். நீங்களும் நானும் என்றால் ஒரு வருஷத்தில் அலுத்துப்போய் விட்டிருப்போம். அவள் விடவில்லை. சின்னவள் பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுத்தால் வாங்கி மடித்து பீரோவில் போட்டுவிடுவாள், கட்டமாட்டாள். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதுகூட, ‘சாகாம இருடி, உன்கிட்ட எனக்கு வேலை இருக்கு’ என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெறுமனே கறுவிக்கொண்டும் உட்கார்ந்திருக்கவில்லை. பழுதாகித் திரும்பி வரும் லேப்டாப்புகளை எல்லாம் பின்னறையில் சரிசெய்து, பக்கத்திலேயே ஒரு டெஸ்க்டாப்பை வைத்து ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு புது ப்ராசஸர் வரும்போதும் பார்த்தாள். பெட்டிமேல் ஒரே பெயர் போட்டிருக்கும், இரண்டிலும் இரண்டு கோர்தான் இருக்கும். ஆனால் டெஸ்க்டாப்பில் இருப்பதற்குக் கரண்ட் தாராளம். தலைமேல் கனமான கூலர். லேப்டாப்பில் இருப்பதற்கு எல்லாம் அளந்துதான். மெல்லிய உடம்பு, பொத்தான் அளவு ஃபேன். முதல் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டெஸ்க்டாப்புக்குச் சமமாக ஓடும். சூடு ஏற ஏறத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைக்காவிட்டால் வெந்துவிடும். முன்பக்கத்தில் சின்னவள் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிற பரீட்சையெல்லாம் அந்த முதல் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு வாங்கிப் போவார்கள்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். பந்தயத்தில் ஜெயித்த பிறகு சின்னவள் முன்பக்க மேசைக்கு ஒரு விரிப்பு தைத்தாள். சிவப்பு வெல்வெட், உள்ளே பஞ்சு வைத்தது. அதன்மேல்தான் லேப்டாப்புகளை வைப்பாள். பார்க்க நகைக்கடை மாதிரி இருக்கும். லேப்டாப் காற்று இழுக்கிற ஓட்டைகள் அடிவயிற்றில் இருக்கின்றன. மெத்தைமேல் வைத்தால் ஓட்டை அடைத்துப்போகும். ஸ்க்ரூ அக்கா பின்னறையில் அதே மாடல் ஒன்றை மரப்பலகைமேல் வைத்து நீளமான வேலை ஒன்று கொடுத்தாள். டெஸ்க்டாப்புக்குப் பின்னால், தாமதமாக, ஆனாலும் ஒழுங்காக முடித்தது. பிறகு பழைய தலையணை ஒன்றின்மேல் வைத்து அதே வேலையைக் கொடுத்தாள். பாதியிலேயே அணைந்துபோனது.

அன்றைக்கு அவள் ஒரு டம்ளர் தேநீரைச் சர்க்கரை போட மறந்து முழுசாகக் குடித்தாள். கசப்பே தெரியவில்லை.

கார்ட்டூன் வரையக் கற்றுக்கொடுக்கிற டீச்சர் ஒருத்தி கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். புதிதாக வகுப்பறை திறக்கிறாள். ஒரு அறை முழுக்க மெஷின் வேண்டும். டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்று முடிவு செய்ய முடியவில்லை.

“ரெண்டுலயும் ரெண்டு கோர்தானே போட்டிருக்கு? அப்புறம் என்ன வித்தியாசம்?” என்று கேட்டாள்.

மாமனார் அடுப்படி, மருமகள் என்று ஆரம்பித்தார். நடையிலிருந்து ஸ்க்ரூ அக்கா வெளியே வந்தாள். உதட்டிலிருந்த ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் துப்பினாள்.

“பேச்சு எதுக்கு மாமா? பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிக் காட்டிருவோம். டீச்சர் வரைஞ்ச படத்தையே குடுக்கட்டும். அவங்க வேலை எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் ஓடட்டும்.”

மாமனாருக்கு வயதாகிவிட்டது, காலும் முன்போல இல்லை. இடுப்பில் தொங்கிய கடைச் சாவியைத் தடவிக்கொண்டே யோசித்தார். “சரிதான். எனக்கும் ஓய வேண்டிய நேரம் வந்துருச்சு. இந்தத் தடவை ஜெயிக்கறவ கையில சாவி. முன்பக்கமும் அவளுக்கு, கடையில வைக்கற சட்டமும் அவளுது. மத்தவ பின்னாடி போய் அவ சொல்றதைக் கேட்டு வேலை பாக்கணும். சம்மதமா?”

சின்னவள் தயங்கினாள். பிறகு சிரித்தாள். “எனக்கென்ன மாமா. போன தடவை பாத்ததுதானே.”

போன தடவை பார்த்ததுதானே! ஸ்க்ரூ அக்காவின் காதில் அது காய்ச்சிய எண்ணெயாக விழுந்தது. நேர்மையாக ஓட்டினாலே ஜெயிப்பாள். அது அவளுக்குத் தெரியும், பலகைமேல் வைத்துப் பார்த்தவள்தானே. ஆனால் ஜெயிப்பது மட்டும் போதாது. கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தால் சின்னவள் சிரித்துச் சமாளித்துவிடுவாள். சமாளிக்க முடியாதபடி நாற வேண்டும். தெரு பார்க்க நாற வேண்டும்.

பந்தயத்தன்று மேசைமேல் டெஸ்க்டாப்பை வைத்தாள். சின்னவள் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். வெல்வெட் விரிப்பை எடுத்துவிட்டு வைக்கலாமா என்று அதன் ஓரத்தைத் தூக்கினாள்.

“ஏய், அதை ஏன் எடுக்கறே?” என்றாள் ஸ்க்ரூ அக்கா. வருஷக்கணக்கில் யாரும் கேட்டிராத இதமான குரல். “துணி மேலயே இருக்கட்டும்டி. அதுதான் அழகு.”

சின்னவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. அக்கா தன்னிடம் இப்படிப் பேசி எத்தனை காலமாயிற்று. “சரிக்கா” என்று விரிப்பை நீவிவிட்டு அதன்மேலேயே லேப்டாப்பை வைத்தாள். எனக்கே இந்த இடத்தைச் சொல்லக் கூசுகிறது. ஸ்க்ரூ அக்காவுக்குக் கூசவில்லை.

டீச்சர் வரைந்தது ஓர் ஆமை கடல் கடக்கிற படம். ஒவ்வொரு அலையாகக் கணக்குப் போட்டு மெஷின் அதைப் படமாக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. கொஞ்ச தூரம் தோளோடு தோள். “பாத்தீங்களா, சமமா வருது” என்றாள் சின்னவள். தேநீர்க்கடைக்காரர்கூட கடையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

பிறகு லேப்டாப்பின் ஃபேன் கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஸ்க்ரூ அக்கா திரையைப் பார்க்கவில்லை, சின்னவளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு சிரிப்பு ஓரத்தில் நின்றுபோனது. பிறகு கை மௌஸிடம் போய், அங்கே செய்ய ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. டெஸ்க்டாப்பில் ஆமை பாதிக் கடலைத் தாண்டிவிட்டது. லேப்டாப்பில் அதே அலையில் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் திரை கறுப்பாகிவிட்டது.

சின்னவள் பட்டனை அமுக்கினாள். வரவில்லை. அடியில் கை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். “சுடுதுக்கா. இப்படிச் சுட்டதே இல்லையே.”

“விடுடி” என்றாள் ஸ்க்ரூ அக்கா, அவள் தோளைத் தொட்டு. “உன் பெட்டிக்கு வயசாயிருச்சு போல.”

டெஸ்க்டாப்பில் ஆமை கரை ஏறியது. டீச்சர் கையோடு அறை முழுக்க டெஸ்க்டாப்தான் என்று சொல்லிவிட்டாள். மாமனார் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து மூத்த மருமகளின் கையில் வைத்தார். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகப் பார்த்தாள்.

“எங்க போறே? நில்லு. இன்னும் முடியல” என்ற ஸ்க்ரூ அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, பரண்மேல இருக்கற பெட்டியை இறக்குங்க.”

“வேணாம் விடு. அதான் ஜெயிச்சாச்சே” என்றான் அந்தச் சாது.

“இறக்குங்கன்னு சொன்னேன்.”

இறக்கினான். பிளாஸ்டிக் உறையின்மேல் தூசி போர்வையாகப் படிந்திருந்தது. ஸ்க்ரூ அக்கா அதை அத்தனை பேர் முன்னால் உரித்துப்போட்டாள். “அன்னிக்கு என் மூஞ்சில கரி பூசினீங்கள்ல எல்லாரும்? ஏன் இந்தப் பெட்டி படுத்துச்சுன்னு இன்னிக்குப் பாத்துக்குங்க. யார் கை வச்சதுன்னு பாத்துக்குங்க.” மேசையிலிருந்த டார்ச்சை எடுத்துச் சின்னவளின் கையில் திணித்தாள். “நீயே லைட்டைப் புடி. உன் கைவேலையை நீயே பக்கத்துல இருந்து பாரு.”

“அக்கா, நான் தூசிதான் துடைச்சேன். சத்தியமா உள்ள தொடவே இல்ல.”

“புடிடி.”

கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவிப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். மெமரியை ஆட்டிப் பார்த்தாள்; கெட்டியாக இருந்தது. வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் கழலவில்லை. டிஸ்க், பவர், எல்லாம் அவள் வைத்தது வைத்தபடி. தேநீர்க்கடைக்காரர் கொட்டாவி விட்டார். மாமனார், “என்னம்மா, ஏதாச்சும் தெரியுதா?” என்றார்.

“இருங்க மாமா. அடியில ஏதோ பண்ணியிருக்கா.”

கூலரின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினாள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பசை இத்தனை வருஷத்தில் காய்ந்து கல்லாகியிருந்தது. திருகி இழுக்க வேண்டியிருந்தது. கையோடு வந்தது. திருப்பினாள்.

செம்புத் தட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. புதுக் கூலரின் அடியில் கீறல் விழாமலிருக்க ஒட்டி அனுப்புவார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும், ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு. ‘உரித்துவிட்டு மாட்டவும்’ என்று அதிலேயே அச்சடித்திருக்கும். உரிக்காமல் மாட்டினால் ப்ராசஸரின் சூடு செம்புக்குப் போகாது. கொஞ்ச நேரம் ஓடும். பிறகு ஃபேன் பேயாகக் கத்தும். பிறகு படுத்துவிடும்.

அசெம்பிள் செய்கிறவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவை செய்கிற தப்பு. அதுவும் அவசரத்தில், நாலு பேருக்கு ஜொலித்துக் காட்ட வேண்டும் என்கிற நினைப்பில் இருக்கும்போது செய்கிற தப்பு.

டார்ச் வெளிச்சம் அந்தத் தாளின்மேலேயே நின்றது. ஆடவில்லை. சின்னவள் அவள் காதருகே குனிந்தாள். மற்ற யாருக்கும் கேட்கவில்லை.

“அக்கா, அன்னிக்கு இந்தக் கூலரை யார் மாட்டினது?”

ஸ்க்ரூ அக்காவின் கை தாளை உரித்து முஷ்டிக்குள் சுருட்டிக்கொண்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இத்தனை வருஷமும் அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சூடேற்றிக்கொண்டதெல்லாம் எதற்கு? யார்மேல்? ஐயோ என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயில் ஸ்க்ரூகூட இல்லை, கடிப்பதற்கு.

“என்னம்மா அது? என்ன பண்ணியிருக்கா?” என்றார் மாமனார்.

சின்னவள்தான் சொன்னாள்.

“ஒண்ணுமில்ல மாமா. தூசிதான். தூசி அடைச்சிருக்கு.”

சொல்லிவிட்டு டார்ச்சை அணைத்தாள். ஸ்க்ரூ அக்காவின் முஷ்டியைப் பிடித்து, மெதுவாக விரல்களைப் பிரித்து, தாளை எடுத்துக்கொண்டாள். வெல்வெட் விரிப்பையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

காட்டிக்கொடுக்கவில்லை என்று ஸ்க்ரூ அக்கா நினைத்தாள். நன்றியோடுதான் நினைத்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் புருஷனிடம், “அவ நல்லவதாங்க” என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவன் சாப்பிடுகிற கையை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தான். உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோயிருப்பான்.

மறுநாளிலிருந்து டீச்சரின் வேலை. பின்னறை முழுக்கக் காலிப் பெட்டிகள், கூலர்கள். மாமனார் சொன்ன சட்டப்படி அசெம்பிள் செய்ய வேண்டியவள் சின்னவள். கற்றுக்கொடுக்க வேண்டியவள் ஸ்க்ரூ அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து போர்டை எப்படிப் பிடிப்பது, பசையை எவ்வளவு வைப்பது என்று காட்டினாள். சின்னவள் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள். ஒரு கூலரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த தாளை உரித்தாள்.

“இதை உரிக்கலேன்னா சூடு உள்ளயே நிக்கும், இல்லக்கா?”

“ம்.”

“லேப்டாப்புக்கு அடியில மெத்தைத் துணி வச்சாலும் அப்படித்தானே?”

ஸ்க்ரூ அக்கா எதையோ தேடுகிற மாதிரி ஸ்க்ரூ டப்பாவுக்குள் விரலை விட்டாள்.

“அன்னிக்கு நான் துணியை எடுக்கத்தான் போனேன்” என்றாள் சின்னவள். குரல் உயரவே இல்லை. “நீங்கதான் இருக்கட்டும்னீங்க. ரொம்ப வருஷம் கழிச்சு அக்கா ஆசையாப் பேசறாங்களேன்னு நானும் விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியும் இல்ல?”

ஸ்க்ரூ அக்கா எழுந்து முன்பக்கத்துக்கு வந்துவிட்டாள். ஏசி போட்டிருந்தும் உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நேர் எதிரே கண்ணாடியில், சரியாக அவள் கண் மட்டத்தில், ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடி மாதிரி, ஓரத்தில் சிவப்பு அம்பு. அம்பு கீழே பார்த்து, அவள் நாற்காலியைக் காட்டிக்கொண்டிருந்தது.

நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள். பின்னறைக்குப் போய் நின்றாள். சின்னவள் நிமிர்ந்து பார்த்து நல்ல சிரிப்பாகச் சிரித்தாள். உதட்டோரத்தில் இரண்டு ஸ்க்ரூக்கள் இருந்தன.

மறுநாள் காலையில் இன்னொன்று. அதற்கு மறுநாளும். எடுக்க எடுக்க வந்தது. எப்போது வந்து ஒட்டுகிறாள் என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை; கேட்டால் எதற்கு ஒட்டுகிறாள் என்று நாலு பேருக்குச் சொல்ல வேண்டிவரும். சத்தம் போட முடியவில்லை. மாமனாரிடம் சொல்ல முடியவில்லை. ஒரு வாய்ச் சண்டை போட்டாலாவது மனசு ஆறும், அதற்கும் வழியில்லை. ஒரு கட்டத்தில் சுரண்டுவதை விட்டுவிட்டாள். வாடிக்கையாளர்கள் ஏதோ அழகுக்கு ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். தேநீர்க்கடைக்காரர், “என்ன ஸ்க்ரூ அக்கா, முன்பக்கம் வந்ததும் ஜோடனை பலமா இருக்கே” என்றார்.

ஒருநாள் மாமனார் வந்து எதிரே உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

“என்னம்மா இது, வரிசையா என்னமோ ஒட்டிக் கிடக்கு? துடைக்கக் கூடாதா?”

“துடைக்கறேன் மாமா” என்றாள். இடுப்பில் சாவி கனத்தது. பின்னறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் முனகிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி நடை வழியாகச் சின்னவளின் குரல் வந்தது, மரியாதையாக, இதமாக.

“அக்கா, இந்தப் பெட்டியில கூலர் தீந்துபோச்சு. அடுத்த பெட்டியைப் பிரிக்கவா?”

மாமனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரி” என்றாள் ஸ்க்ரூ அக்கா.